மேற்படிப்புச் செலவு: கல்விக் கடன் வருவதற்கு முன்பே கையை விட்டுப் போகும் பணம்

பிள்ளையை எம்.எஸ்., எம்.டெக்., எம்.பி.ஏ. என்று மேலே படிக்க வைக்க நினைக்கும் வீட்டில் முதலில் கேட்பது “ஃபீஸ் எவ்வளவு?” என்றுதான். அதற்குப் பதில் கல்லூரியின் இணையதளத்திலேயே கிடைக்கும். வங்கியும் அதற்குக் கடன் கொடுக்கும். திணற வைப்பது அதற்கு முந்தைய செலவு. நுழைவுத் தேர்வு, விண்ணப்பக் கட்டணம், மார்க் ஷீட் நகல், கூரியர், சென்னைக்குப் போய்வருவது எதுவும் வங்கிகளின் கல்விக் கடன் பட்டியலில் இல்லை. கல்லூரிக் கட்டணம், ஹாஸ்டல், புத்தகம், லேப்டாப், வெளிநாடென்றால் விமான டிக்கெட், காப்பீடு, இவைதான் அதில் இருக்கும்.

இந்த முன்செலவுக்குச் சேலத்தில் வழக்கமாகக் கைகொடுப்பது நகைக் கடன். “கல்விக் கடன் வந்ததும் திருப்பிவிடலாம்” என்று நினைத்து வைப்பார்கள். அது நடக்காது. கல்விக் கடனில் ஃபீஸ் பணத்தை வங்கி நேராகக் கல்லூரிக் கணக்குக்கு அனுப்பும், லேப்டாப் பணத்தைக் கடைக்காரருக்கு அனுப்பும். அடகை மீட்க உங்கள் கையில் ஒரு ரூபாய்கூட வராது. ஆகவே முன்செலவைத் தனிக் கணக்காக வைத்து, அதற்கென்று ஒரு சீட்டோ ஆர்.டி.யோ ஒன்றரை வருடம் முன்பே தொடங்குங்கள். சீட்டு என்றால் விண்ணப்பம் போடும் கார்த்திகை, மார்கழியில் எடுக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளூரிலும் உள்நாட்டிலும்

இந்தியாவுக்குள் படிப்பதென்றால் விண்ணப்பச் செலவு பெரிதல்ல. எம்.டெக்.குக்கான கேட் (GATE) 2026 தேர்வுக்குக் கட்டணம் 2,000 ரூபாய், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கும் 1,000. கடைசித் தேதியைத் தவறவிட்டால் இதன்மேல் 500 ரூபாய் தண்டம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.இ., எம்.டெக். சேர சீட்டா-பிஜி, எம்.பி.ஏ., எம்.சி.ஏ. சேர டான்செட். மத்தியப் பல்கலைக்கழகங்களில் எம்.ஏ., எம்.எஸ்சி. சேர கியூட்-பிஜி. மூன்றையும் எழுதி நாலைந்து இடத்தில் விண்ணப்பித்தாலும் பத்தாயிரத்துக்குள் முடியும். கேட், டான்செட் இரண்டுக்கும் சேலத்திலேயே மையம் உண்டு. விண்ணப்பத்தில் சேலத்தை முதல் விருப்பமாகப் போட மறந்துவிட்டு, விடியற்காலை பஸ் பிடித்துக் கோவைக்கு ஓடுபவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லுமா, ஒரு வருடம்தானா என்று குழப்பிக்கொள்வார்கள். மூன்று வருடம் என்பது மேலே சொன்ன GATE. ஒரு வருடம் என்பது எம்.பி.ஏ.வுக்கான ‘கேட்’ (CAT), அதாவது ஐ.ஐ.எம். நடத்தும் தேர்வு. அந்த ஐ.ஐ.எம். தேர்வில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒருமுறை கட்டும் கட்டணம் எல்லா ஐ.ஐ.எம்.களுக்கும் சேர்த்துத்தான். ஆனால் அதே மதிப்பெண்ணை ஏற்கும் தனியார் மேலாண்மைக் கல்லூரிகள் ஒவ்வொன்றும் தனியாக விண்ணப்பக் கட்டணம் வாங்கும். ஆறு கல்லூரிக்குப் போட்டால் தேர்வுக் கட்டணத்தைப்போல் பல மடங்கு அங்கேயே போய்விடும்.

வரவுப் பக்கம்: கேட் (GATE) மதிப்பெண்ணோடு ஏ.ஐ.சி.டி.இ. (தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் எம்.இ., எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. பிஎச்.டி.க்கு ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000, அதற்குமேல் வீட்டு வாடகைப்படி. இரண்டுமே மாதம் பிறந்தால் சம்பளம்போல் வருவதல்ல. கல்லூரி வருகைப்பதிவை ஏற்ற வேண்டும், ஆதார் இணைந்த கணக்கு சரியாக இருக்க வேண்டும்; சில சமயம் மூன்று மாதப் பணம் ஒன்றாக வந்து விழும். சேரும்போது ஆறு மாதச் சாப்பாட்டுக்கும் ஹாஸ்டலுக்கும் பணம் கையில் இருக்கட்டும்.

புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த மாணவிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது முதுகலைக்குக் கிடையாது. பட்டம் முடிந்ததும் நின்றுவிடும். எம்.எஸ்சி. முதல் மாதக் கணக்கில் அதைச் சேர்த்து எழுதிவிட வேண்டாம்.

சேலம் நகரில் இருந்துகொண்டு கருப்பூரில் உள்ள பெரியார் பல்கலைக்கழகத்தில் படித்தால் செலவு மிகவும் குறைவு. பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் டிக்கெட்டும் இல்லை. ஏற்காட்டிலிருந்து தினமும் இறங்கி வருவது வேறு விஷயம். இருபது கொண்டை ஊசி வளைவு, அடிவாரத்திலிருந்து நகருக்குள் ஒரு பஸ், அங்கிருந்து கருப்பூருக்கு இன்னொன்று. மழைக்காலத்தில் மண் சரிந்தால் அன்றைய வகுப்பும் போச்சு. மலையில் இருப்பவர்கள் ஹாஸ்டல் செலவைத் தொடக்கத்திலேயே கணக்கில் எழுதுவதுதான் சரி.

சேர்ந்துவிட்டு வேறு இடம் கிடைத்து விலகுபவர்கள் கட்டிய பணத்தை விட்டுவிட்டு வரத் தேவையில்லை. யு.ஜி.சி.யின் 2018 அறிவிப்புப்படி, சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுக் கட்டணமும் திரும்பும்; செயல்முறைச் செலவென்று 5 சதவீதத்துக்கு மிகாமல், அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டும் பிடிக்கலாம். 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டி 15 நாள் வரை 80, அதன்பின் 30 நாள் வரை 50. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. விலகல் கடிதத்தை நேரில் கொடுத்தால் தேதியோடு முத்திரை போட்ட நகல் வாங்குங்கள், கூடவே மின்னஞ்சலும் அனுப்புங்கள். எந்தத் தேதியில் விலகினீர்கள் என்பதில்தான் சண்டையே வரும்.

வெளிநாடு: பெயரில் தொடங்குகிறது செலவு

எல்லாவற்றுக்கும் முன்னால் பாஸ்போர்ட். 36 பக்கத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய், தத்காலில் 2,000 கூடுதல். இங்கேதான் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் வரும்: இனிஷியல். மார்க் ஷீட்டில் “கார்த்திக் எஸ்”, ஆதாரில் “எஸ். கார்த்திக்”, பாஸ்போர்ட்டில் “கார்த்திக் செல்வராஜ்”. ஜிஆர்இ (முதுகலைச் சேர்க்கைத் தேர்வு), ஐஇஎல்டிஎஸ் (ஆங்கிலத் தேர்வு) பதிவில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். இல்லையென்றால் தேர்வு மையத்து வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள், கட்டிய பணம் திரும்பாது. குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டு பாஸ்போர்ட் எடுத்தவருக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ (முதல் பெயர் தெரியாது) என்று அச்சாகும். பிறகு அங்கே வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் அதுவே துரத்தும். அப்பா பெயரை விரித்துக் குடும்பப் பெயராகப் போட்டு பாஸ்போர்ட் எடுங்கள். மற்ற சான்றிதழ்களில் இனிஷியலாக இருப்பதற்கு, இரண்டு பெயரும் ஒரே நபருடையவை என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் போதும்.

அமெரிக்காவுக்கு ஐந்து பல்கலைக்கழகங்களில் விண்ணப்பிக்கும் ஒருவருடைய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டாலரை 90 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். கட்டுகிற அன்று வங்கி என்ன விலை போடுகிறதோ அதுதான் உண்மை.

ஜிஆர்இ சுமார் 22,000. ஐஇஎல்டிஎஸ் சுமார் 18,000. விண்ணப்பக் கட்டணம் பெரும்பாலான இடங்களில் 75 முதல் 125 டாலர் வரை இருக்கும். 100 என்று வைத்தால் ஒன்றுக்கு 9,000. ஆனால் கார்டில் கட்டினால் 9,000 போகாது. வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குப் பல வங்கிகள் 3.5 சதவீதம் வரை எடுக்கின்றன, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. 315 ரூபாயும் 57 ரூபாயும் சேர்த்து 9,372. ஐந்துக்கு 46,860. விசாவுக்கு 185 டாலர், அதாவது 16,650. வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், 31,500. பாஸ்போர்ட் 1,500. விரல் ரேகைக்கு ஒரு முறை, நேர்காணலுக்கு ஒரு முறை என்று சென்னையில் இரண்டு அப்பாயிண்ட்மெண்ட். தங்கலும் போக்குவரத்தும் 6,000. மொத்தம் 1,42,500 ரூபாயைத் தாண்டுகிறது. இதில் பயிற்சி வகுப்பு இல்லை, கிடைத்த இடத்தை உறுதி செய்யக் கட்டும் முன்பணமும் இல்லை.

இதில் எங்கே குறைக்கலாம்? தேர்வன்று கணினித் திரையிலேயே நான்கு பல்கலைக்கழகங்களுக்கு ஜிஆர்இ மதிப்பெண்ணை இலவசமாக அனுப்பலாம். மறந்துவிட்டு எழுந்து வந்தால் பிறகு ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். அதனால் எந்த நான்கு என்று ஒரு மாதம் முன்பே முடிவு செய்யுங்கள். ஐஇஎல்டிஎஸ்ஸில் ஐந்து இடம் வரை இலவசம். இன்று பல துறைகள் ஜிஆர்இ கேட்பதே இல்லை; ஐந்து இடத்திலும் கேட்கவில்லையென்றால் 22,000 மிச்சம். முதலில் பட்டியல், பிறகு தேர்வுப் பதிவு என்பதுதான் வரிசை. நம்மூர்ப் பயிற்சி மையங்கள் இதைத் தலைகீழாகச் சொல்லும். ஜிஆர்இ மதிப்பெண் ஐந்து வருடம், ஐஇஎல்டிஎஸ், டோஃபல் இரண்டு வருடம் செல்லும் என்பதால் ஆங்கிலத் தேர்வை அவசரப்பட்டு முன்கூட்டி எழுதிவிட வேண்டாம். தேதியை மாற்றுவதென்றால் ஜிஆர்இக்குத் தேர்வுக்கு நான்கு நாள் முன்பே மாற்றியாக வேண்டும். அதற்குள் வந்தால் முழுப் பணமும் போயிற்று.

மார்க் ஷீட் நகலைச் சீல் வைத்த கவரில் வாங்கி ஐந்து இடத்துக்கும் கூரியர் போடுவது பெரும்பாலும் வீண். விண்ணப்பத்தின்போது ஸ்கேன் செய்து ஏற்றினாலே பல பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. அசல், சேரும் இடத்துக்கு மட்டும். நம் பட்டம் அங்கே எதற்குச் சமம் என்று சொல்லும் டபிள்யூ.இ.எஸ். மதிப்பீட்டைக் கேட்காத இடத்துக்கு எடுப்பதும் அப்படியே வீண். பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்ட் வாங்கும்போது மட்டும் இரண்டு, மூன்று கவர் கூடுதலாக வாங்கி வையுங்கள். மறுபடி விண்ணப்பித்துக் காத்திருக்கும் அலைச்சல்தான் அதைவிடச் செலவு.

வீட்டிலிருந்தே ஜிஆர்இ எழுதும் வசதியும் உண்டு. சேலம் நகருக்குள் இருப்பவர்களுக்கு இது கோவை, பெங்களூருப் பயணத்தை மிச்சப்படுத்தும். கதவு மூடிய தனி அறை, கேமரா, அழித்து எழுதும் சிறிய வெள்ளைப் பலகை வேண்டும். சாதாரணக் காகிதத்தில் கணக்குப் போடக் கூடாது. ஏற்காட்டில் இருப்பவர்கள் சாயங்கால மழைக்கு மின்சாரம் போகும் மாதங்களில் இதை நம்ப வேண்டாம். இணைப்பு அறுந்து தேர்வு ரத்தானால் மறுபடி எழுதும் நாளுக்குள் கடைசித் தேதி போய்விடும்.

கட்டணம் கட்டும் இரவு இன்னொன்று நடக்கும். டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கும். செயலியில் போய்த் திறந்து, வரம்பையும் உயர்த்த வேண்டும். கடைசி நாள் இரவு பதினொரு மணிக்கு இது தெரியவந்தால் யாரையும் எழுப்ப முடியாது. ஒரு வாரம் முன்பே முதல் விண்ணப்பத்தைக் கட்டிப் பாருங்கள்.

பிஎச்.டி.க்கு அமெரிக்கா போவதென்றால் கணக்கு தலைகீழ். பெரும்பாலும் கல்விக் கட்டணம் தள்ளுபடியாகி, உதவித்தொகையும் தருவார்கள். விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளச் சொல்லித் துறைக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். எல்லாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் கேட்பதற்குக் காசில்லை.

ஜெர்மனியில் பல அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது வாங்குகிறது. ‘இலவசம்’ என்ற சொல்லை நம்பிப் போகிறவர்களை மடக்குவது முடக்கக் கணக்கு: விசாவுக்கு முன் ஒரு வருடச் சாப்பாட்டுப் பணமாக 11,904 யூரோவைப் போட்டுக் காட்ட வேண்டும். யூரோ 105 ரூபாய் என்றால் பன்னிரண்டரை லட்சம். உங்கள் பணம்தான், அங்கே போனபின் மாதம் 992 யூரோவாகத் திரும்பும். ஆனால் ஒரே நாளில் இங்கே இருக்க வேண்டும். நம் சான்றிதழ்கள் உண்மை என்று சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றுக்கு 18,000 ரூபாய். பல பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் வாங்கும் பொது அமைப்பான யூனி-அசிஸ்ட் வழியாகப் போனால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30.

பிரிட்டனில் ஒரு வருட எம்.எஸ்சி. என்று சொன்னாலும் விசா பதினாறு மாதத்துக்கு வரும். மருத்துவக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண்டு என்பதால், ஒன்றரை வருடக் கணக்காக 1,164 பவுண்டை விசாவோடு முன்கூட்டியே கட்ட வேண்டும். கையிருப்புப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் குறையாமல் இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் குறைந்தாலும் நிராகரிப்பு, விசாக் கட்டணம் போயிற்று. அந்த மாதம் அதே கணக்கிலிருந்து கேஸ் சிலிண்டருக்குக்கூடப் பணம் எடுக்காதீர்கள்.

கடன்: மேசையில் என்ன நடக்கிறது

மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 4 லட்சம் வரை உங்கள் பங்குப் பணம் தேவையில்லை. அதற்குமேல் உள்நாட்டுக்கு 5 சதவீதம், வெளிநாட்டுக்கு 15. முப்பது லட்சம் செலவென்றால் நாலரை லட்சம் உங்களுடையது. உதவித்தொகை கிடைத்தால் அதையே பங்காகக் காட்டலாம். ஏழரை லட்சத்துக்குமேல் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பார்கள். 2024-இல் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள உள்நாட்டுக் கல்வி நிறுவனங்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லை. குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்தால் 10 லட்சம் வரையான கடனுக்கு, படிக்கும் காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடமானத்தில்தான் நம் பக்கத்து ஆட்கள் அதிகம் சிக்குவார்கள். விவசாய நிலத்தைப் பெரும்பாலான வங்கிகள் ஏற்பதில்லை. அங்கீகாரம் இல்லாத மனை, தாத்தா பெயரிலேயே இருக்கும் பட்டா, நிபந்தனைப் பட்டா எல்லாம் வழக்கறிஞரின் சட்டக் கருத்திலேயே நின்றுவிடும். பங்காளிகள் கையெழுத்து போட வேண்டிய வீடென்றால் அந்தப் பேச்சை ஆடியிலேயே தொடங்குங்கள். அட்மிஷன் கடிதம் வந்தபின் தொடங்கினால் முடியாது. அசல் பத்திரத்தை வங்கியில் ஒப்படைக்கும் ஆவணத்தைப் பதிய முத்திரைத் தீர்வை 0.5 சதவீதம் (அதிகபட்சம் 30,000), பதிவுக் கட்டணம் 1 சதவீதம் (அதிகபட்சம் 6,000). இருபது லட்சக் கடனுக்கு 16,000. சட்டக் கருத்துக்கும் மதிப்பீட்டுக்கும் தனி. இதுவும் உங்கள் கைப்பணம்.

கொலுசுப் பட்டறை, தறி, மளிகை என்று தொழில் செய்யும் அப்பாவுக்கு வருமானம் இருக்கும், வருமான வரிக் கணக்கு இருக்காது. வங்கி இரண்டு, மூன்று வருடக் கணக்கு கேட்கும். மகள் கல்லூரி மூன்றாம் வருடத்தில் இருக்கும்போதே தாக்கல் செய்யத் தொடங்குங்கள். கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையையும் அப்போதே எடுத்துப் பாருங்கள். பழைய பைக் கடனைப் பேசிக் குறைத்து முடித்திருந்தால் அது ‘செட்டில்டு’ என்று நிற்கும்; வங்கியின் கண்ணில் அது குறைதான்.

படிக்கும் காலத்து வட்டியைக் கட்டலாமா வேண்டாமா என்பதற்குக் கணக்கு இதோ. இருபது லட்சம், 10 சதவீத வட்டி, இரண்டு வருடப் படிப்பு, அதன்பின் ஒரு வருட அவகாசம். முதல் வருடத் தொடக்கத்தில் பத்தும் இரண்டாம் வருடத் தொடக்கத்தில் பத்தும் விடுவிக்கிறார்கள். மூன்று வருடத் தனி வட்டி 5 லட்சம். கட்டாமல் விட்டால் கடன் 25 லட்சமாகி, பத்து வருடத் தவணை மாதம் சுமார் 33,040. கட்டிவந்தால் இருபதுக்கே தவணை, சுமார் 26,430. பத்து வருடத்தில் வித்தியாசம் ஏறக்குறைய 7.9 லட்சம். ஐந்து கட்டி 7.9 மிச்சம் பிடிக்கலாம். முதல் வருடம் மாதம் 8,333, பிறகு 16,667. முழுதும் முடியாவிட்டால் பாதியாவது கட்டுங்கள். முழுத் தொகையையும் முதல் நாளே விடுவிக்கச் சொல்லாதீர்கள், விடுவித்த பணத்துக்குத்தான் வட்டி. கட்டிய வட்டிக்கு எட்டு வருடம் வருமான வரிக் கழிவு உண்டு, பழைய வரிமுறையில் மட்டும்.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது, வங்கிக் கடன் பணமென்றால் டிசிஎஸ் (அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி) பிடித்தம் இல்லை. சொந்தப் பணமென்றால் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டும் தொகைக்குப் பிடிப்பார்கள். வரிக் கணக்கில் திரும்பக் கேட்கலாம். அப்பா பத்து, அம்மா பத்து என்று இரண்டு பான் எண்ணில் அனுப்பினால் வரம்பு தனித்தனி.

விண்ணப்பம் கிளையில் தூங்கினால் மாவட்ட வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். நிராகரிப்பையும் வாய்மொழியாக வாங்காமல் எழுத்தில் கேளுங்கள்.

சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மாணவர்களுக்கு மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகத்தின் வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது. நாடு முழுக்க வருடத்துக்கு 20 பேர், குடும்ப வருமானம் 6 லட்சத்துக்குள். எஸ்.சி. மாணவர்களுக்கான தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் வரம்பு 8 லட்சம். பழங்குடிச் சாதிச் சான்று கோட்டாட்சியர் கையெழுத்தில் வர வேண்டியது, சரிபார்ப்புக்கும் நாளாகும். திட்டத்துக்கு விண்ணப்பம் திறக்கும்வரை காத்திருந்தால் பிந்திவிடும். வருமானச் சான்றுக்கு இ-சேவையில் 60 ரூபாய், ஒரு வருடம்தான் செல்லும் என்பதால் அதை மட்டும் விண்ணப்பத்தை ஒட்டி எடுங்கள்.

போய் இறங்கியபின்

அமெரிக்காவில் வளாக வேலை கிடைத்தாலும் சமூகப் பாதுகாப்பு எண் வந்து, சம்பளப் பட்டியலில் பெயர் ஏறி, முதல் காசோலை வர ஆறு வாரம் ஆகலாம். வீட்டுக்கு முன்பணமும் முதல் மாத வாடகையும் அதற்கு முன்பே கேட்பார்கள். 2,000 முதல் 3,000 டாலர் வரை தனியாக வையுங்கள், கொஞ்சம் நோட்டாகவும் மீதி ஃபாரெக்ஸ் கார்டிலும். மாணவர் மருத்துவக் காப்பீட்டைப் பருவக் கட்டணத்தோடு சேர்த்தே பிடிப்பார்கள். கடன் மதிப்பீட்டில் கல்விக் கட்டணத்தை மட்டும் எழுதியிருந்தால் அந்த வித்தியாசம் உங்கள் தலையில். பல்கலைக்கழகம் விசாவுக்காக அனுப்பும் ஐ-20 படிவத்தில் உள்ள மொத்தத் தொகைக்கே கடன் கேளுங்கள்.

இங்கே உள்ள சிம் கார்டைக் குறைந்தபட்ச ரீசார்ஜில் உயிரோடு வைத்து, கிளம்புவதற்கு முன் ரோமிங்கில் எஸ்எம்எஸ் வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் வருடப் பணத்தை விடுவிக்க வங்கி அனுப்பும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். அது செத்துப்போனால், சேலத்துக் கிளையில் எண்ணை மாற்ற உங்கள் கையெழுத்தோடு நீங்களே நேரில் வரச் சொல்வார்கள்.